வீட்டுத்தோட்டத்திற் செண்டிகைப்பூச் செய்கை

(சாட்டியிற் கூடிய நெல், மரக்கறிச் செய்கையாளர் முன்னிலையில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் நிகழ்த்திய உரை)

இன்று வளவிலே பூச்செடி வளர்ப்பதைப் பற்றிப் பேசவிருக்கிறேன். நெல்லுக்கும் மிளகாய்க்கும் இறைக்கவே நீர் காணாத காலத்திற் பூவுக்கு இறைப்பதா என்று நீங்கள் கேட்பது முறையே. அக்கேள்விக்கு விடை சொல்லாமற் பூவின் அழகைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போவேனாயின், உங்கள் பொழுதை வீணாக்கியவனாவேன். ஆதலால் விடையை முதலிலேயே கூறிவிடுகிறேன். நான் இங்கு எடுத்துச் சொல்லும் செண்டிகை பூசைக்கும் மாலைக்கும் மட்டும் உரியதன்று. கத்தரி, தக்காளி, வெண்டி முதலியவற்றின் வேரை அழிக்கும் ஒரு பகையை அடக்க வல்லது. அப்பகையை நஞ்சு மருந்தால் அடக்க முற்பட்டால் அந்நஞ்சு சென்று சேருமிடம் நமது கிணறு. இவ்விரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால், பூப்பாத்திக்கு விடும் நீர் வீண்போகாது என்பது விளங்கும்.

எந்தப் பூவைத் தெரிவது?

இத்தீவுகளிலிருந்து கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றிருக்கும் உறவினர் பலர். அந்நாடுகளின் வீட்டு முற்றங்களிலே நடுவிற் கூம்பு போன்ற முட்கொண்டையும், அதனைச் சுற்றித் தாழ்ந்து தொங்கும் ஊதா இதழ்களுமுடைய ஒரு பூவைக் காணலாம். எக்கினேசியா என்பது அதன் பெயர். கூம்புப்பூ எனத் தமிழிற் சொல்லலாம். அது வட அமெரிக்காவின் கிழக்கு, நடுப் பகுதிகளின் புல்வெளிக்குரியது. முள்ளெலியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதன் பெயர் பிறந்தது. குளிர்காலத்தில் நிலத்தின்மேற் பட்டுப்போய், வேரில் உயிரை வைத்திருந்து, வேனிலிலே மீண்டும் துளிர்ப்பது அதன் இயல்பு. விதை நன்கு முளைப்பதற்குக்கூடச் சில வாரக் குளிர் வேண்டற்பாலது. அத்தகைய குளிர் ஓய்வு நமது தீவிற் கிடைப்பதில்லை. ஆகவே அவ்விதையைத் தருவித்து இங்கு நட்டு ஏமாறுவதிலும், அதே குடும்பத்தைச் சேர்ந்ததும் வெப்ப நாட்டுக்கு உரியதுமான செடியைத் தெரிவதே அறிவுடைமை.

கூம்புப்பூ, சூரியகாந்தி, செவ்வந்தி, சீனியா, செண்டிகை ஆகிய யாவும் ஒரே குடும்பத்தன. இவற்றில் நாம் ஒரு பூ என்று பறிப்பது உண்மையிற் பல சிறு பூக்களின் கூட்டம். ஒரு பூவைப் பிளந்து பார்த்தால், ஒவ்வொரு சிறு பூவின் அடியிலும் ஒவ்வொரு விதை உருவாவதைக் காணலாம். ஒரு செடியைக் கொண்டு அடுத்த போகத்திற்கு வேண்டிய நாற்று முழுவதையும் பெற்றுவிடலாம் என்பதற்குக் காரணம் இதுவே.

செண்டிகையைத் துலுக்கச் செவ்வந்தி என்றும், செண்டுப்பூ என்றும் கூறுவர். மெக்சிக்கோவும் அதனையடுத்த நாடுகளும் இதன் தாயகம். இரு வகைகள் பெரிதும் பயிரிடப்படுகின்றன. ஒன்று இரண்டடி, மூன்றடி உயரம் வளர்ந்து பெரிய மஞ்சள் அல்லது செம்மஞ்சட் பூக்களைத் தருவது. மற்றையது ஓரடி உயரமே வளர்ந்து, சிவப்புக் கலந்த சிறு பூக்களை நிறையத் தருவது. ஆங்கிலேயர் முன்னையதை ஆபிரிக்கச் செண்டிகை என்றும், பின்னையதைப் பிரெஞ்சுச் செண்டிகை என்றும் வழங்கினர். எனினும் இரண்டும் மெக்சிக்கோ நாட்டினவே. மாலைக்கும் விற்பனைக்கும் உயர்ந்த வகை ஏற்றது. வேர்ப்பகையை அடக்குவதற்குக் குட்டை வகை பொதுவாகக் கூடுதலாகப் பயன்படும்.

வேரிலிருக்கும் பகை

தக்காளி நட்டு நாற்பது நாட் சென்றபின், நீர் குறைவின்றி விட்டிருந்தும், நண்பகலிலே செடி வாடி மாலையில் நிமிர்வதைப் பலர் கண்டிருப்பீர்கள். இலை மஞ்சளாகும், செடி வளராது நிற்கும், காய் சிறுக்கும். பசளை போதாது என்று எண்ணி மேலும் யூரியா இடுவோர் பலர். அவ்வாறு செய்யுமுன் ஒரு செடியைப் பிடுங்கி வேரை நீரிற் கழுவிப் பாருங்கள். வேரிலே சிறிதும் பெரிதுமான முடிச்சுக்கள் காணப்படுமாயின், அது வேர்முடிச்சு வட்டப்புழுவின் வேலை.

பயற்றை, நிலக்கடலை முதலியவற்றின் வேரிலும் முடிச்சுக்கள் உண்டு. அவை நன்மை செய்வன. இரண்டையும் வேறுபடுத்தி அறிதல் எளிது. நன்மை செய்யும் முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும். விரலாற் தேய்த்தால் உதிர்ந்துவிடும். நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாயிருக்கும். வட்டப்புழுவால் உண்டாகும் முடிச்சோ வேரே வீங்கியதாகும், தேய்த்தால் உதிராது.

இப்புழுவின் குஞ்சு அரை மில்லிமீற்றரிலும் குறைந்த நீளமுடையது, கண்ணுக்குப் புலப்படாது. அது இளவேரின் நுனியிற் புகுந்து, ஓரிடத்தில் நிலைத்து, செடியின் உணவை உறிஞ்சும். ஒரு பெண்புழு சில நூறு முட்டைகளை இடும். நமது மண்ணின் வெப்பநிலையில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் ஒரு தலைமுறை முடிந்து அடுத்தது தொடங்கும். ஒரு தக்காளிப் போகம் முடிவதற்குள் மூன்று தலைமுறை பெருகிவிடும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். மணற்பாங்கான நிலத்தில் இதன் கேடு மிகுதி. நெல் வயலில் நீர் கட்டி நிற்கும்போது இப்புழு குறையும். ஆயின் ஆண்டு முழுவதும் கத்தரி, தக்காளி, வெண்டி, பாகல் என மாறி மாறி நடப்படும் வீட்டுத்தோட்டத்தில் அதற்கு என்றும் விருந்தே.

சாட்டியின் நல்ல நீர்

இப்புழுவைக் கொல்லும் மருந்துகள் நஞ்சு மிக்கவை. களிமண் நிலத்தில் இட்டாலே அவை ஆபத்தானவை. மணலில் இட்டால், விடும் நீரோடு கீழிறங்கி நிலத்தடி நீரைச் சேரக்கூடும். சாட்டியைப் பொறுத்தவரையில் இது வெறும் பேச்சன்று. இங்குள்ள கிணறுகளின் நல்ல நீர் தீவகத்தின் வேறு ஊர்களுக்கும் குடிநீராக எடுத்துச் செல்லப்பட்டு வந்துள்ளது. ஆதலால் நமது வளவில் இடும் நஞ்சு நமது வீட்டோடு நின்றுவிடும் என்று சொல்வதற்கில்லை.

அந்த நல்ல நீர் எவ்வாறு இங்கு நிற்கிறது என்பதையும் அறிந்து வைத்தல் நன்று. மழைநீர் மணலினூடு இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல், பாரம் குறைந்ததாகையால் மிதந்து நிற்கிறது. 1888இல் கைபென் என்ற ஒல்லாந்தரும், 1901இல் ஏர்சுபேர்க் என்ற செருமானியரும் இதனை ஆராய்ந்து ஒரு கணக்கைக் கூறினர். கடல் மட்டத்திற்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்திற்குக் கீழே அது ஏறத்தாழ நாற்பதடி ஆழத்திற்கு நிற்க இடமுண்டு என்பதே அக்கணக்கு. இதனைத் திருப்பிப் பாருங்கள். அளவுக்கு மிஞ்சி இறைத்து, நீர்மட்டத்தை நிலையாக அரையடி தாழ்த்தினால், கீழிருந்து உவர்நீர் இருபதடி வரை மேலேற வழி பிறக்கும். வேலணைத் தீவை ஒல்லாந்தர் லைடன் என்று அழைத்தனர்; அவர் சென்று நூற்றாண்டுகள் கடந்தன. அவர் நாட்டார் சொன்ன இக்கணக்கு மட்டும் ஒவ்வொரு நாளும் நமது கிணற்றடியிலே நடந்துகொண்டிருக்கிறது.

நஞ்சைப் போலவே மிகையான யூரியாவும் கேடு செய்யும். செடி எடுத்துக்கொள்ளாத பங்கு நைத்திரேற்றாக மாறி நீருடன் கீழிறங்கும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைக் கடத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அதிலும் மிகுந்த நீர், பாற்பொடி கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தைகளின் குருதியைத் தாக்கும். தாய்மார் இதனைச் சிறப்பாகக் கருத்திற்கொள்ளல் வேண்டும்.

செண்டிகை செய்யும் உதவி

ஒல்லாந்திலே பூங்கிழங்கு பயிரிடுவோர், செண்டிகை நின்ற நிலத்தில் அடுத்த பயிரின் வேர் செழித்திருப்பதைக் கண்டனர். 1958இல் அந்நாட்டு ஆராய்ச்சியாளர் இருவர், செண்டிகை வேரிலிருந்து வட்டப்புழுவைக் கொல்லும் பொருள் ஒன்றைப் பிரித்தெடுத்தனர். உயிருள்ள வேரிலேயே இப்பொருள் தன் வேலையை நன்கு செய்கிறது. இவ்வுண்மையிலிருந்து நாம் கடைப்பிடிக்க வேண்டிய விதிகள் நான்கு பிறக்கின்றன.

முதலாவது, செண்டிகையை நெருக்கமாக நடவேண்டும். கத்தரிப் பாத்தியின் மூலைகளில் நாலு செடி வைத்துவிட்டுப் புழு ஒழிந்தது என்றிருப்பது பயனற்றது. வேர் படாத மண்ணிற் புழு சுகமாயிருக்கும். பாத்தி முழுவதும் ஏழங்குல இடைவெளியில் நடுதல் வேண்டும்.

இரண்டாவது, குறைந்தது இரண்டு மாதம், கூடுமாயின் மூன்று மாதம், செடி நிலத்தில் நிற்கவேண்டும். மரக்கறியுடன் கூட நடுவதிலும், மரக்கறிக்கு முன் தனிப் பயிராக நடுவதே சிறந்தது.

மூன்றாவது, களை இருத்தலாகாது. பல களைகளின் வேரிலும் இப்புழு வாழும். செண்டிகை நடுவே களை நின்றால், பகைவனை ஒரு வாசலால் விரட்டி மறு வாசலால் அழைத்ததாகும்.

நான்காவது, இதன் பயன் அடுத்து வரும் ஒரு போகத்திற்கே பெரும்பாலும் நிற்கும். தப்பிய புழுக்கள் மீண்டும் பெருகும். ஆகவே வீட்டுத்தோட்டத்தை மூன்று அல்லது நான்கு பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கிற்கும் முறையே செண்டிகையைச் சுற்றி வரச் செய்தல் வேண்டும்.

எல்லாப் பூச்சியையும் செண்டிகை விரட்டிவிடும் என்று சிலர் கூறுவதை நம்பவேண்டாம். ஒரு புழுவை அது விரட்டுவதில்லை; மாறாக அழைக்கிறது. அதுவும் நமக்கு நன்மையே. தக்காளிக் காயைத் துளைக்கும் புழுவின் தாய் அந்து, செண்டிகை மொட்டிலும் பூவிலும் முட்டையிட விரும்பும். பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இவ்வியல்பைப் பயன்படுத்தி ஒரு முறையை வகுத்தது. தக்காளி பதினாறு நிரைக்கு உயர்ந்த செண்டிகை ஒரு நிரையாக நடுவதே அம்முறை. தக்காளி நாற்று 25 நாள் வயதினதாகவும், செண்டிகை நாற்று 45 நாள் வயதினதாகவும் இருக்க, இரண்டையும் ஒரே நாளில் நடுவர். அப்போது இரண்டும் ஒருங்கே பூக்கும். பின்னர் செண்டிகைப் பூக்களிற் காணும் புழுக்களைப் பொறுக்கி அழிக்கவேண்டும். பொறுக்காது விட்டால், வலையை விரித்துவிட்டு மீனை எடுக்காது விட்டது போலாகும்.

காலம்

செண்டிகை, நட்ட நாளிலிருந்து ஏறத்தாழ அறுபது நாளிற் பூக்கும். நாற்றுமேடைக்கு ஒரு மாதம் வேண்டும். எனவே பூ வேண்டிய நாளிலிருந்து மூன்று மாதம் பின்னே எண்ணி விதையிடுக.

சிவராத்திரிக்குப் பூ வேண்டுமாயின், கார்த்திகை நடுவில் விதையிட்டு மார்கழி நடுவில் நடலாம். மழையால் நிலத்தில் ஈரம் நிற்குமாதலால் கிணற்று நீர் பெரிதும் மீதமாகும். பங்குனியிற் செடிகளைப் புதைத்துவிட்டு, அடுத்து வெண்டியோ கத்தரியோ நடலாம். ஆயின் இக்காலத்திற் பாத்தியை மேட்டுப்பாத்தியாக அமைக்காவிடில் வேர் அழுகும்.

நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆனி உற்சவத்தைக் கருதுவோர் பங்குனியில் விதையிடல் வேண்டும். நவராத்திரியைக் கருதுவோர் ஆனி இறுதியில் விதையிட்டு ஆடி இறுதியில் நடலாம். இவ்விரு பருவத்திலும் வெயிலும் சோளகக் காற்றும் கடுமையாயிருக்கும். நீரும் மிகுதியாக வேண்டும். ஆகவே அக்காலத்திற் சிறு பாத்தியோடு நிறுத்துவது நன்று. வேலணை, சாட்டிப் பகுதிகளில் ஆலயங்களும் தேவாலயங்களும் பல. அவற்றின் திருநாட்களை முன்கூட்டிக் கேட்டறிந்து விதையிடுவோருக்குப் பூ தேங்காது.

நாற்றுமேடை

இருபதடி நீளமும் பத்தடி அகலமுமுள்ள ஒரு பாத்தியை எடுத்துக்கொள்வோம். ஏழங்குல இடைவெளியில் நட அதற்கு ஏறத்தாழ 600 நாற்று வேண்டும். பூவை மட்டும் கருதி ஒன்றரையடிக்கு ஓரடி இடைவெளியில் நடுவதாயின் 135 நாற்றுப் போதும்.

அறுநூறு நாற்றுக்கு மூன்றடி அகலமும் ஐந்தடி நீளமுமுள்ள மேடை அமையும். மேடை ஆறங்குலம் உயர்ந்திருக்கட்டும். மண்ணை நன்கு பொடியாக்கி, மட்கிய எரு ஒரு கடகம் கலந்து சமப்படுத்துக. அதன்மேல் வைக்கோலும் உமியும் பரப்பி எரித்துவிட்டால், நாற்றை அழுகச் செய்யும் பூஞ்சணமும் களை விதையும் பெருமளவு அழியும். சூடு ஆறியபின் மூன்றங்குலத்துக்கு ஒரு கோடாகக் கீறி, விதையை ஐதாக இட்டு, கால் அங்குலத்திற்கு மேற்படாமல் மண்ணால் மூடுக. ஒரு கிராமில் ஏறத்தாழ முந்நூறு விதை இருக்குமாதலால் மூன்று கிராம் போதும்.

வைக்கோலால் மூடிப் பூவாளியால் நீர் தெளித்துவர, ஐந்தாறு நாளில் முளைக்கும். முளை தோன்றியதும் வைக்கோலை அகற்றி, கிடுகாற் பந்தரிட்டு நிழல் கொடுக்க. நடுவதற்கு ஒரு வாரத்திற்கு முன் நிழலைச் சிறிது சிறிதாகக் குறைத்து, நாற்றை வெயிலுக்குப் பழக்கிவிடுதல் வேண்டும். செண்டிகை ஓரளவு உவரைத் தாங்கக்கூடியது. எனினும் நாற்றுப் பருவத்தில் நல்ல நீரே விடவேண்டும்.

நடுகையும் பராமரிப்பும்

நாள் முழுவதும் வெயில் படும் இடத்தையே தெரிக. மர நிழலிற் செடி நெடுத்து வளரும், பூ குறையும். பாத்தியை ஓரடி ஆழம் கொத்தி, நூறு சதுர அடிக்கு ஐந்தாறு கடகம் மட்கிய சாண எரு அல்லது கூட்டெருவைக் கலக்குக. பூவரசு, கிளிசிரிடியா இலைகளையும், நம் முன்னோர் செய்தது போலப் பனையோலையையும் தாட்டால் மணல் நிலம் ஈரம் பிடிக்கும். கரையில் ஒதுங்கும் சாதாளையை இடுவோர் அதனை ஒரு மாரி மழையில் நனையவிட்டு, உப்புக் கழுவுண்டபின் இடல் வேண்டும்.

எரு போதிய அளவு இட்ட பாத்திக்கு யூரியா வேண்டியதில்லை. தழைச்சத்து மிஞ்சினால் இலை செழிக்கும், பூ குறையும். ஆதலின் கிணற்றைக் காப்பதும் பூவைப் பெருக்குவதும் இவ்விடத்தில் ஒன்றேயாகும்.

நான்கைந்து இலை விட்ட நாற்றை மாலையில் நட்டு, உடனே நீர் விடுக. பூவுக்காக நடப்பட்ட உயர்ந்த வகையில், மூன்று நான்கு வாரத்தின்பின் முனையைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பல தோன்றும். பூ சில நாட் பிந்துமாயினும் தொகை கூடும். திருநாளைக் குறித்து நடுவோர் அந்நாட்களையும் கணக்கிற் சேர்த்துக்கொள்க. செடியடியில் மண் அணைத்தால் காற்றுக்குச் சாயாது.

கடற்காற்று உப்பைச் சுமந்து வருவது. காற்று வரும் பக்கத்திற் கிடுகு அல்லது பனையோலை வேலியும், அதனோடு பூவரசு அல்லது கிளுவைக் கதியாலும் இருத்தல் நன்று. வேலிக்கும் பாத்திக்கும் இடையே நாலடியாவது விடுக. இல்லாவிடிற் கதியாலின் வேர் எருவை உண்டுவிடும்.

நீர் விடுதல்

நாம் கூறிய இருநூறு சதுர அடிப் பாத்திக்கு, கோடையில் நாளொன்றுக்குக் கால் அங்குல உயர நீர் வேண்டுமெனக் கொண்டால், அது ஏறத்தாழ 120 லீற்றர் ஆகும். இதனை ஒருநாள் விட்டு ஒருநாள் 240 லீற்றராக, காலையில் அல்லது மாலையில் விடலாம். வைக்கோல், காய்ந்த இலை, தென்னம்பொச்சு ஆகியவற்றில் ஒன்றால் மண்ணை மூடிவிட்டால் இதிலும் குறைந்த நீர் போதும். வீட்டிற் காய்கறியும் அரிசியும் கழுவிய நீரைப் பூப்பாத்திக்குத் திருப்பலாம். சவர்க்காரம் மிகுந்த நீரைத் திருப்பலாகாது.

துலாவால் இறைத்த காலத்திற் கிணறு தானே ஊறிக்கொள்ள இடைவேளை கிடைத்தது. இயந்திரம் அந்த இடைவேளையை மறந்துவிடச் செய்கிறது. இயந்திரமுடையோர் ஒரே மூச்சில் நெடுநேரம் இறைக்காமல், சிறிது சிறிதாக, பல முறையாக இறைத்தல் வேண்டும். நீரிற் சிறிது உவர்ப்புத் தட்டினால் அன்றைக்கு அத்துடன் நிறுத்திவிடுக.

நோயும் பீடையும்

வறண்ட காற்றுக் காலத்தில் இலையின் கீழ்ப்புறத்தே மிகச் சிறிய செஞ்சிலந்திகள் தோன்றி, சாற்றை உறிஞ்சும். இலை வெளிறிப் புள்ளி புள்ளியாகும். முற்றினால் நுண்ணிய வலை காணப்படும். தொடக்கத்திலேயே இலையின் கீழ்ப்புறம் நன்கு நனையுமாறு நீரை வீசித் தெளித்தால் பெரிதும் அடங்கும். அடங்காவிடில், வேப்பம்பருப்பு 50 கிராமை இடித்து, ஒரு லீற்றர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடித்து, சிறிது சவர்க்காரம் கலந்து மாலையில் தெளிக்க. வாரம் ஒரு முறையாக இரண்டு மூன்று முறை தெளித்தல் போதும்.

மழைக்காலத்தில் இலைப்புள்ளியும் தண்டின் அடியழுகலும் வரலாம். இவற்றிற்கு மருந்தினும் வடிகாலே முதன்மையானது. நோய் கண்ட செடியைப் பிடுங்கி எரிக்க, எருக்குழியில் இடவேண்டாம். வாடிய பூக்களை உடனுக்குடன் கிள்ளிவிடுதல் நோயையும் குறைக்கும். புதிய மொட்டையும் தூண்டும்.

பறித்தலும் விதை எடுத்தலும்

முழுதாக விரிந்த பூவை அதிகாலையில் அல்லது மாலையிற் பறிக்க. முதல் நாள் பாத்திக்கு நீர் விட்டிருந்தால் பூ விரைவில் வாடாது. பறித்த பூவை ஈரச் சாக்கால் மூடி நிழலில் வைத்தல் வேண்டும். விற்று மிஞ்சிய பூவின் இதழ்களை நிழலில் உலர்த்திக் கோழித் தீனியுடன் சிறிது கலந்தால், முட்டையின் மஞ்சட்கரு நல்ல நிறம் பெறும்.

விதைக்கு, நோயற்றதும் நிறையப் பூப்பதுமான ஐந்தாறு செடிகளுக்கு அடையாளமிட்டு விடுக. அவற்றின் பூ செடியிலேயே காய்ந்து, அடிக்கிண்ணம் பழுப்பானதும் பறித்து நிழலில் உலர்த்துக. கறுத்த, வால் போன்ற வெண்ணுனியுடைய விதைகளைப் பிரித்து, உலர்ந்த சாம்பலுடன் போத்தலில் அடைத்து வைக்க. அடுத்த ஆண்டுக்குள் விதைத்துவிடுதல் வேண்டும். கலப்பின விதையால் வளர்ந்த செடியின் விதை தாயைப் போல வருவதில்லை என்பதை நினைவிற்கொள்க.

புதைத்தலும் சோதித்தலும்

பூப்பு முடிந்ததும் செடிகளை வெட்டித் துண்டாக்கி, அதே பாத்தியிற் கொத்திப் புதைத்து நீர் விடுக. இரண்டு மூன்று வாரத்தில் மட்கியபின் மரக்கறி நாற்றை நடலாம். செடியை வெளியே எறிவது நல்ல பசளையை எறிவதாகும்.

நான் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் நிலத்திலேயே சோதித்துப் பாருங்கள். பாத்தியிற் பாதியைச் செண்டிகைக்கும், மறு பாதியை நீங்கள் வழக்கமாக நடும் பயிருக்கும் விடுக. செண்டிகையைப் புதைத்து மட்கியபின், ஒவ்வொரு பாதியிலும் பல இடத்து மண்ணை எடுத்துக் கலந்து, துளையிட்ட இரு பேணிகளில் நிரப்புக. இரண்டிலும் வெள்ளரி விதை ஊன்றி, ஒரே அளவு நீர் விட்டு, ஐந்தாம் வாரத்திற் பிடுங்கி வேரைக் கழுவி முடிச்சுக்களை எண்ணுக. செலவில்லாத இச்சோதனையைப் பாடசாலைப் பிள்ளைகளும் செய்யலாம். வேர் கூறும் சான்றுக்கு மேற் சான்று இல்லை. எண்ணிக்கையைக் குறித்து வைத்து உங்கள் பகுதிப் போதனாசிரியரிடம் காட்டினால், அடுத்த போகத்திற்கு எந்தப் பாத்தியில் எதை நடுவது என்று கூடியிருந்து தீர்மானிக்கலாம்.

பெருமக்களே, தீவகத்திற் கமம் செய்வோனுக்கு நிலமும் நீரும் அளவோடு கிடைத்தவை. நிலம் கெட்டால் எருவிட்டு மீட்கலாம். கிணறு கெட்டால் எத்தனை மாரி பெய்ய வேண்டுமோ! வட்டப்புழுவை நஞ்சின்றி அடக்க ஒரு வழியுண்டு. அவ்வழி பூசைக்குப் பூவும், வீட்டுக்குச் சிறு வருவாயும், நிலத்திற்குப் பசளையும் சேர்த்துத் தருகிறது. ஒரு பரப்பு வேண்டாம். கிணற்றடியில் இருநூறு சதுர அடி போதும். இவ்வாண்டு ஒவ்வொரு வளவிலும் ஒரு பாத்தியையேனும் செண்டிகைக்கு ஒதுக்குமாறு கேட்டு, என் உரையை முடிக்கிறேன்.